ஒரு லயத்து நீளச் சொல்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு யூஜினா எட்டாம் நம்பர் மலையின் குறுக்குப் பாதையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிரெஞ்சுச் சொல்லின் ஆறாவது அசை ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. மற்ற ஏழு அசைகளும் மணிக்கூண்டுத் தோட்டத்துக் கீழ் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக நீண்ட காம்பரா வீடுகளில், பத்திரமாக இருந்தன. ஒன்று பல் விளக்கிக்கொண்டிருந்தது, ஒன்று முச்சக்கர வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தது, இரண்டு வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஆறாவது மட்டும் புதுச் சேலை கட்டி, கையில் பித்தளைக் குத்துவிளக்கோடு, நோர்வூட்டில் தங்கச்சியின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் புறப்பட்டுவிட்டது. பத்து மணிக்குப் பங்களாவில் பரீட்சை. அந்தச் சொல் முழுசாக வெளியே வரவில்லை என்றால், வெள்ளிக்கிழமை யூஜினா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் பிளேன் ஏற வேண்டும்.

பஸ் ஏழு வளைவு சுற்றித்தான் கீழே வரும். குறுக்குப் பாதையில் ஓடுகிறவள் பதினோரு நிமிஷத்தில் கீழ் ரோட்டைப் பிடித்துவிடுவாள். அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடலாம்.

மணிக்கூண்டுத் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே இருக்கிறது. அங்கே மணிக்கூண்டு கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததாக யாரும் சொன்னதும் இல்லை. பெரிய துரை இருந்த பழைய பங்களாவை மூன்று வருடம் முன்பு கொழும்பு முதலாளி ஒருவர் எடுத்து ஹோட்டலாக்கினார். கொழுந்து பறிப்பதைப் பார்க்கவும், கூடையை முதுகில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளவும் வெளிநாட்டார் வந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். ஹோட்டலைப் பார்த்துக்கொண்டவரும் பிரெஞ்சுக்காரிதான். மேடம் சோலாஞ்ச் என்று பெயர். ஐம்பது வயது, முழங்கால் வரை பூட்ஸ், இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, தமிழில் “சாப்டாச்சா” மட்டும் சுத்தமாக வரும். விருந்தாளிகளை மலைக்குக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்ல ஒரு வழிகாட்டி தேவைப்பட்டது. யூஜினாவுக்கு இருபத்தாறு வயது. ஏழு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். கொழுந்துக்கு இரண்டு கையும் வேண்டும், காது வேண்டாம் என்பதை அவள் முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். தலைத்துணிக்குள்ளே இயர்போனைச் செருகி, மூன்று வருடத்தில் பாதிப் பிரெஞ்சை அந்த மலையிலேயே கற்றுமுடித்திருந்தாள். மேடத்தின் முன்னால் போய் நின்று அந்த மொழியிலேயே வேலை கேட்டபோது, மேடம் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைக்க மறந்து காற்றில் வைத்தார். அது உடைந்தது. வேலை கொடுக்க மேடம் தயார்தான். ஆனால் முதலாளி கொழும்பிலிருந்து லோஜன் என்று ஒரு பையனை, இரண்டு சான்றிதழோடும் ஒரு டையோடும் அனுப்பிவைத்திருந்தார். ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சை, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, நானே வந்து பார்க்கிறேன் என்றார் முதலாளி. மேடம் யோசித்தார். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் சவாலுக்கு இழுக்கும் ஒரு சொல்லை எடுத்து ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்தார். இதை ஒரே மூச்சில், தடுக்கி விழாமல் சொல்கிறவர் எந்த வாக்கியத்திலும் நடந்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

ஆன்திகோன்ஸ்தித்யுஸ்யோநெல்மான். பிரெஞ்சில் இதைவிட நீளமாக ஒன்று அகராதியில் இல்லையென்று மேடம் சொன்னார். தாளில் ஒன்பது துண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். எட்டாவதாக நின்ற ‘லெ’யின் மேல் மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு. அது எழுத்தில் இருக்கும், வாயில் வராது. மற்ற எட்டுக்கும் அவர் நடை சொல்லிக்கொடுத்தார். முதலாவதும் கடைசியும் மூக்கிலிருந்து வர வேண்டும். ‘ன்’ என்று நாக்கை ஒட்டிக் கதவைச் சாத்தக்கூடாது. ஐந்தாவதில் உதடு ‘உ’ சொல்ல, அதே நேரம் உள்ளே நாக்கு ‘இ’ சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த அசையும் தலையைத் தூக்கக் கூடாது. எல்லாம் ஒரே உயரம், கடைசி மட்டும் ஒரு விரற்கடை நீளம். லயத்தில் இதைக் கேட்ட சின்னராசா சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று விசாரித்தார். நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விரோதமாக ஒரு காரியத்தைச் செய்வது என்றாள் யூஜினா.

“அதுக்கா இம்புட்டு நீளம்? தெனம் நடக்குற காரியத்துக்குச் சின்னதா ஒரு சொல்லு வச்சிருக்கக்கூடாதா, பாவம் அந்தச் சனங்க” என்றார் சின்னராசா.

யூஜினாவின் அப்பா கஸ்பர், தோட்டத்துக் கங்காணி. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கையில், அவர் பெயர்களைக் கூப்பிட்டால் மூன்று டிவிஷனுக்குக் கேட்கும். தலவாக்கலை ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள் தங்களைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதுண்டு; காற்று அந்தப் பக்கம் அடித்தால் பதில் குரலும் கொடுப்பார்கள். பரீட்சைக்கு முந்திய வாரம் அந்தக் குரல் முழுவதும் வீட்டுக்குள் இறங்கியது. குவைத் ஏஜென்சிக்காரர் யூஜினாவின் பாஸ்போர்ட்டை ஒரு மாதமாக ஹட்டன் ஆபீசில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. பங்களா வேலை கிடைக்காவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்றாள் மகள். “போறதுன்னா போ. எங்கிட்டப் பேசாத!” என்றார் கஸ்பர். லயத்துக் கூரைத் தகரம் இரண்டு கழன்று விழுந்தது. மறுநாள் புதன்கிழமை, பல் பிடுங்கப் போகிறேன் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போனார்.

அன்று மாலை ஐந்தரைக்கு யூஜினா பீலியடியில் குடம் வைத்துவிட்டு, தண்ணீர் நிறையும் வரை சொல்லைப் பழகிக்கொண்டிருந்தாள். குளிர் பல் கிட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. பேசினால் வாயிலிருந்து ஆவி வரும் நேரம். அன்றைக்குத்தான் முதன்முறையாக அது தடுக்காமல், முழுசாக, ஒரே மூச்சில் வந்தது. வெண்ணிற ஆவியாக வெளியே வந்து, பீலியடியிலிருந்து கீழ் லயத்தின் கடைசிக் கதவு வரை காற்றில் நின்றது. சரியாக ஒரு லயத்து நீளம். ஹட்டனிலிருந்து திரும்பிய கஸ்பர் அப்போதுதான் படியேறி வந்து, மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. சொல் முறிந்தது. துண்டுகள் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் மிதந்தன. பிறகு, குளிருக்கு ஒதுங்கும் கோழிகளைப்போல ஆளுக்கொரு கதவு பார்த்து உள்ளே போய்விட்டன. யூஜினா மறுபடி சொல்லிப் பார்த்தாள். வாய் அசைந்தது, ஆவி மட்டும் வந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் விஷயம் தெரிந்தது. கீழ் லயத்தில் எட்டுப் பேர், என்ன பேச வாயெடுத்தாலும் முதலில் ஒரு பிரெஞ்சு அசையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்கள். முதலாவது அசை மாயாண்டியிடம் போயிருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சளி, மூக்கால்தான் பேசுவார். மேடமே கேட்டிருந்தாலும் கைதட்டியிருக்கும்படி “ஆன்… தேத்தண்ணி இருக்கா?” என்றார். மூன்றாவது, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷாமிலாவுக்கு. நாள் முழுக்க ‘ஸ்ஸ்’ என்று பிள்ளைகளை அடக்கிப் பழகிய வாய், ‘கோன்ஸ்’ஸின் வாலை அழகாகப் பிடித்துக்கொண்டது. விசிலடித்தபடியே முச்சக்கர வண்டி ஓட்டும் கிஷாந்தின் உதடு ஐந்தாவதற்கென்றே குவிந்திருந்தது. ஆறாவது, இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் அழகம்மாவுக்கு. ஏழாவது, பெக்டரியில் வேலை பார்க்கும் கணேசமூர்த்திக்கு. கடைசி, எதையும் இழுத்தே பேசும் யூஜினாவின் அம்மா ஜோசப்பினுக்கு. சிக்கல் இரண்டாவதிலும் நான்காவதிலும் வந்தது. இரண்டும் ‘தி’. ஒன்று ஜீவராணியிடம், ஒன்று சின்னராசாவிடம். அடுத்தடுத்த காம்பராக்காரர்களான இந்த இருவரும் ஒரு கோழி விஷயமாக மூன்று வருடம் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். இப்போது எது முந்திய ‘தி’ என்று தீர்க்க வேண்டியிருந்ததால் பேச ஆரம்பித்தார்கள், அதாவது, ஏச ஆரம்பித்தார்கள்.

கஸ்பரும் அன்று முதல் பேசவில்லை. பெரட்டுக்கு விசிலோடு வந்தார். பெயர் கூப்பிடுவதற்குப் பதில் கம்பை நீட்டிக் காட்டினார். பல் பிடுங்கிய வலி என்று சிலர் சொன்னார்கள். யூஜினாவுக்குக் காரணம் தெரியும். அப்பா வாக்குத் தவறாதவர், பேசாதே என்றார், பேசவில்லை. வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டோடு சாப்பிட்டார், கோட்டோடு படுத்தார். “மாஆன்… கல்யாண மாப்புள கூட இப்பிடி உடுப்போட தூங்கமாட்டான்” என்று ஜோசப்பின் பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். பொத்தான் அசையவில்லை. எண்ணெய் போட்டாள், பற்களால் இழுத்தாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளிர் காலத்தில் கோட்டு நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள் யூஜினா. சொல் அவளிடம் இல்லாவிட்டால் என்ன, ஆட்கள் இருக்கிறார்கள். வரிசையாக நிறுத்திச் சொல்ல வைத்தால் சொல் சொல்தானே. பெரட்டுக் களத்தில் எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். வரிசையாக நில்லுங்கள் என்றாள். நின்றார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெக்டரிச் சங்கு ஊதியது. ஆறு வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த சங்கு அது. காலை எட்டே முக்காலுக்குத் தோட்டம் முழுவதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டது. பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருந்தவர் கூடக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். விசாரித்ததில், எட்டுப் பேரும் செக்ரோல் நம்பர்ப்படி நின்றிருக்கிறார்கள். பெரட்டுக் களத்தில் வரிசை என்றால் அவர்களுக்கு வேறு வரிசை தெரியாது. பெயர் பதிந்த நம்பர்தான். மாற்றி நிறுத்தினாள். இப்போது சங்கு ஊதவில்லை, ஆனால் சொல்லும் சேரவில்லை. எட்டுப் பேர் எட்டு உயரத்தில் பேசினார்கள். ஷாமிலா தாலாட்டினாள், கணேசமூர்த்தி இயந்திரத்துக்கு மேலே கத்திப் பழகியவர், ஜீவராணி சின்னராசாவை மிதிக்கப் பார்த்தாள். களத்தில் கிடந்தவை எட்டு அசைகள், சொல் இல்லை.

யூஜினா கல்லின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். கண்ணெதிரே மலை. மலை முழுக்கத் தேயிலை. ஆயிரக்கணக்கான செடிகள், ஒன்றாவது தலையைத் தூக்கவில்லை. எல்லாம் ஒரே உயரம். மேடம் பிரெஞ்சில் மூன்று நாள் விளக்கியது அங்கே நூற்றைம்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது. அவள் எழுந்து ஓடிப்போய் மட்டக்கம்பை எடுத்து வந்தாள். கொழுந்து பறிக்கும்போது செடியின் மேல் குறுக்கே வைத்து, கம்புக்கு மேலே நீட்டுவதை மட்டும் கிள்ளுவதற்கான கம்பு அது. இரண்டு கம்பைச் சேர்த்துக் கட்டி எட்டுப் பேரின் தாடைக்கு நேரே பிடித்தாள். “கம்புக்கு மேல போன சத்தத்தைக் கிள்ளிருவேன்” என்றாள். நிரை பிடித்து நடக்கும்போது பக்கத்து ஆளின் கையைப் பார்க்காமலே கூடச் சேர்ந்து நகர்கிற ஆட்கள் அவர்கள். சத்தம் மட்டமானது. ஜீவராணிக்கும் சின்னராசாவுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முந்திய ‘தி’ என்று முடிவானது; செவ்வாய்க்கிழமை ஜீவராணியின் முறை. திங்கள் மாலைக்குள் சொல் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டது. கடைசிக்குச் சற்று முன்னால் மட்டும் ஒரு சின்ன இடறல், கணேசமூர்த்தியும் ஜோசப்பினும் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதுபோல. குளிர்தான் காரணம் என்றாள் யூஜினா. நாளைக்குச் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் பதினோரு நிமிஷம் முடிகிறது. யூஜினா கீழ் ரோட்டில் குதித்து, வளைவில் திரும்பிய பஸ்ஸின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பிரேக் அலறியது. “மஹத்தயா, பொட்டக் இன்ன!” என்று, கொஞ்சம் நிறுத்தும்படி சிங்களத்தில் கத்திக்கொண்டே உள்ளே ஏறினாள். கண்டக்டர் “மொகத நங்கி மே?” என்று, என்ன தங்கச்சி இது என்பதாகத் தலையிலடித்துக்கொண்டார். மூன்றாவது சீட்டில் அழகம்மா, மடியில் குத்துவிளக்கு.

“அழகம்மாக்கா! பத்து மணிக்குப் பரீட்சைன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“ஸ்யோ… ஏன்டி இப்பிடி ஓடியாற? நான் என்னா ஓடியா போயிட்டேன்? ஒனக்கு நான் ஆறாவதுதானே?”

“ஆறாவதுன்னா?”

“ஸ்யோ… ஆஸ்பத்திரியில ஆறாம் நம்பர் துண்டு எடுத்தா என்னைக்காவது பன்னெண்டு மணிக்கு முன்னால கூப்புட்டிருக்கானா? பால் காச்சிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு, சாவகாசமா வந்துரலாம்னுதான் போறேன்.”

யூஜினாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எட்டுப் பேரின் முறையும் ஒரே மூச்சில் வந்து போய்விடும் என்பதை எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்த அந்த மனுஷிக்கு, நிஜப் பரீட்சையும் அப்படியே வேகமாக நடக்கும் என்று தோன்றவே இல்லை. பஸ்ஸே சேர்ந்து அழகம்மாவுக்குப் புத்தி சொன்னது. அவள் மசியவில்லை, பால் பொங்கும்போது அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் தங்கச்சி ஏழு ஜென்மத்துக்குச் சொல்லிக்காட்டுவாள். அப்போது பின்னாலிருந்து விசில் கேட்டது. கிஷாந்த், முச்சக்கர வண்டியில், ஏழு வளைவையும் ஐந்தாகச் சுருக்கிக்கொண்டு வந்து நின்றான். “த்யு… அக்கா, எறங்குங்க. பரீட்சை முடிஞ்ச கையோட நோர்வூட்டுக்கு நானே பறந்து கொண்டுபோய் விடுறேன்” என்றான். அழகம்மா தங்கச்சிக்குப் போன் போட்டாள். “ஸ்யோ… நான் வர்ற வரைக்கும் அடுப்பப் பத்தவைக்காத” என்று உத்தரவு போட்டுவிட்டு, குத்துவிளக்கோடு இறங்கினாள்.

பத்து மணிக்குப் பங்களாப் புல்வெளியில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் லோஜன். எழுந்து, டையைச் சரிசெய்து, ஒரே மூச்சில் பிசிறில்லாமல் சொல்லிவிட்டான். நன்றாகவே சொன்னான். சொல் வந்தது, போய்விட்டது. முதலாளி கைதட்டினார். பிறகு யூஜினாவைப் பார்த்தார், அவள் பின்னால் நின்ற எட்டுப் பேரைப் பார்த்தார், குத்துவிளக்கைப் பார்த்தார். இது என்ன என்றார். மேடம் சோலாஞ்ச் எதையும் கேட்கவில்லை. அவர் அந்த மலையில் மூன்று வருடம் இருந்தவர். எட்டுக் கோப்பைத் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஒரே மூச்சு என்றுதான் விதி, எத்தனை பேருடைய மூச்சு என்று விதியில் இல்லை என்றார்.

மட்டக்கம்பைத் தாடைக்கு நேரே பிடித்தாள் யூஜினா. எட்டுப் பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். புல்வெளி ஓரத்து ரோஜாக்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. மாயாண்டியின் மூக்கிலிருந்து ‘ஆன்’ புறப்பட்டது. தி, கோன்ஸ், தி, த்யு, ஸ்யோ, நெல்… அந்த இடத்தில் கணேசமூர்த்தியின் ‘நெல்’லும் ஜோசப்பினின் ‘மான்’னும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. சொல் நடுங்கியது, சாய்ந்தது, புல்லில் விழுந்து சிதறியது. துண்டுகள் முகம் தொங்கப் போட்டுக்கொண்டு தத்தம் வாய்க்குத் திரும்பின. முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். யூஜினா வரிசையை எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பேரும் இருக்கிறார்கள், எட்டும் மட்டமாக இருக்கிறது. என்ன குறைகிறது என்று மேடத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் வேலியோரம் நின்றிருந்த கஸ்பர் கங்காணி, கோட்டும் கம்புமாக, ஒரு வார்த்தை பேசாமல் புல்வெளிக்குள் நடந்து வந்தார். மகளைத் தாண்டினார். ஆறு பேரைத் தாண்டினார். கணேசமூர்த்தியைத் தோளால் தள்ளி, மனைவியைக் கையால் நகர்த்தி, இருவருக்கும் நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம் செய்து, அதில் நின்று, வாயை இறுக மூடிக்கொண்டார்.

யூஜினா தாளை நினைத்தாள். பென்சில் கோடு போட்ட ஒன்பதில் ஒன்று. தோட்டத்திலேயே பெரிய குரலுக்குத்தான் சத்தமில்லாத துண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் கம்பை உயர்த்தினாள்.

இம்முறை சொல் முட்டவில்லை. நெல் முடிந்த இடத்தில் கஸ்பர் பேசாமலிருந்தார். அப்படி முழுமனதோடு ஒருவர் பேசாமலிருந்து அந்த மலை கண்டதில்லை. அந்த மௌனத்தின் மேல் காலை வைத்து ஜோசப்பினின் ‘மான்’ ஏறி, ஒரு விரற்கடை நீண்டு, நின்றது. வெயில் நேரம், ஆவி வரக் குளிர் இல்லை. ஆனாலும் சொல் வெள்ளையாக வெளியே வந்து, புல்வெளிக்கு மேலே பத்தடி உயரத்தில் ஒரு லயத்து நீளத்துக்கு நீண்டு, அங்கேயே தங்கிவிட்டது. நோர்வூட்டில் பத்தவைக்காத அடுப்பில் பால் தானாகப் பொங்கியது. லோஜன் மேலே பார்த்தபடி, “சேர், நான் சொன்னதும் அதேதான். ஆனா அவங்க சொன்னது நீளம்” என்றான். நேர்மையான பையன், முதலாளி அவனைத் தன் கொழும்பு ஹோட்டலுக்கே எடுத்துக்கொண்டார், அங்கே நன்றாக இருக்கிறான். ஹோட்டல் நடத்தத் தெரிந்த முதலாளிக்கு, விருந்தாளிகள் எதைப் பார்க்க வருவார்கள் என்று யாரும் பரீட்சை வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. யூஜினா மறுநாளே வேலைக்குச் சேர்ந்தாள்.

சொல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள்; யூஜினா ஒவ்வொரு அசையாக விரல் நீட்டி, யார் யாருடையது என்று விளக்குகிறாள். மழைக்காலத்தில் சற்று ஊறித் தொய்யும். விருந்தாளிகள் இல்லாத நாட்களில் ஹோட்டல்காரர்கள் அதில் படுக்கை விரிப்பு காயப்போடுகிறார்கள். காற்று நன்றாகப் படுவதாகச் சொல்கிறார்கள். எட்டுப் பேருக்கும் பழைய பேச்சு திரும்பிவிட்டது. ஜீவராணியும் சின்னராசாவும் மட்டும் பழக்கம் விடாமல் தினமும் கொஞ்ச நேரம் ஏசிக்கொள்கிறார்கள். அந்தக் கோழி யாருடையது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

அன்று மத்தியானம் பீலியடியில் நடந்ததை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தோம். யூஜினா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கஸ்பர் வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, “இன்னும் கோவமாப்பா?” என்றாள்.

அந்த நேரம் கோட்டின் பொத்தான் தானாகக் கழன்று பீலித் தொட்டியில் விழுந்தது. கஸ்பர் உள்பைக்குள் கையை விட்டு ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். மேல் அட்டை ஆறு நாள் சூட்டில் லேசாக வளைந்திருந்தது.

“புதன்கெழம பல்லுப் புடுங்கப் போகல. ஏஜென்சிக்காரன் ஆபீசுல குந்தியிருந்து, மூணு மணிக்கு இத வாங்கிட்டு வந்துட்டேன். ஒன் பாஸ்போட்டு அவன் மேசையில இருக்கக்கூடாது, ஒன் கையில இருக்கணும். போறதும் போகாததும் அதுக்கப்பறம் ஒன் இஷ்டம், புள்ள. இதச் சொல்லத்தான் அன்னைக்கு வாயத் தொறந்தேன்.”

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். தலவாக்கலை ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்து, “சரிங்க” என்றார்.